மிச்சம் யாருக்கு?

"அண்ணே, நான் அன்னிக்குச் செஞ்சது தப்பாண்ணே?"

அமெரிக்காவிலிருந்து ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்கு போன் போட்டு இப்படி ஆரம்பித்தால் என்னவெல்லாம் தோன்றும்? விசா பிரச்னை, விவாகரத்து, துப்பாக்கி... இது எதுவுமே இல்லை. நண்பர் செய்த குற்றம், ஒரு ஸ்டேடியத்தில் உட்கார்ந்துகொண்டு 'பூ' என்று கத்தியது. கத்தி சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் ஒரு தடவை கேட்டுவிடுவார்.

அமெரிக்கர்கள் 'பூ' என்றால் மலர் தூவுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். டூரிங் டாக்கீஸில் கிளைமாக்ஸ் நேரத்தில் ஃபிலிம் அறுந்தால் ஒரு ஊளை எழும்புமே, அதுதான்.

நண்பர் மதுரைக்காரர். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் தன் காலை மிதித்தவனிடமே 'ஸாரி' சொல்கிற ரகம். இண்டியானாபொலிஸ் நகரத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அவரையே ஊளையிட வைத்த அந்த ராத்திரியில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்.

அமெரிக்க ஃபுட்பால் நாம் பார்க்கிற கால்பந்து இல்லை. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். பெயரில்தான் கால், வேலையெல்லாம் கைக்கு. எதிரணி ஆட்கள் உங்களை மறிக்கலாம், மோதலாம், தள்ளி மேலே விழலாம். அது ஃபவுல் இல்லை, அதுதான் ஆட்டமே. இதில் குவாட்டர்பேக் என்று ஒருவர் உண்டு (நம்மூர் குவாட்டருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை). பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று ரெண்டு மூணு விநாடிக்குள் முடிவு செய்ய வேண்டிய ஆள். அந்த ரெண்டு மூணு விநாடியில் நூற்றிருபது, நூற்று முப்பது கிலோ ஆசாமிகள் இவரை மட்டும் குறிவைத்துப் பாய்ந்து வருவார்கள். எறிவதற்குள் பிடித்துச் சாய்த்துவிட்டால் அதற்கு 'ஸாக்' என்று பெயர்.

இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக். லக் என்பது பட்டப்பெயர் இல்லை, குடும்பப் பெயரே அதுதான். அவர் விளையாடிய ஆறு சீஸன்களில், பிளேஆஃப் நீங்கலாக, 86 ஆட்டங்கள். அவற்றில் 174 முறை ஸாக் ஆகியிருக்கிறார். பந்தை எறிந்த பிறகு வாங்கிய இடிகள் இந்தக் கணக்கில் வராது.

கொஞ்சம் விசித்திரமான மனிதர். ஸ்டான்ஃபோர்டில் கட்டட வடிவமைப்பு படித்தவர். ரசிகர்களுக்காக ஒரு புத்தக வாசிப்பு கிளப் நடத்தினார். தன்னைத் தரையில் சாய்த்தவனிடம் எழுந்து நின்று, 'அருமையான அடி' என்று மனதாரப் பாராட்டுவார். கிண்டல் பண்ணுகிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று தெரியாமல் எதிரணிக்காரர்கள் குழம்பிப் போவார்களாம்.

2012-ல் நாட்டின் முதல் தேர்வாக அணிக்கு வந்தார். முதல் மூன்று வருஷமும் 16 ஆட்டங்களில் 11 வெற்றி. 2014 ஜனவரி 4 அன்று கன்ஸாஸ் சிட்டி அணிக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில், 10-க்கு 38 என்று பின்தங்கியிருந்த அணியை 45-44 என்று ஜெயிக்க வைத்தார். நண்பர் இந்த ஊருக்கு வந்து முதல் குளிர்காலம் அது. தெருவில் ஒரு மனிதர் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அன்றைக்கு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் பனியில் வெறும் பனியனோடு வெளியே ஓடி வந்து, இவரைக் கட்டிப்பிடித்துக் குதித்திருக்கிறார். "அந்த ஆளாலதாண்ணே எனக்கு அந்த ஊரே பேச ஆரம்பிச்சுது" என்பார் நண்பர். அப்புறம் பையனுக்கு 12-ம் நம்பர் பனியன் வாங்கினார். முதுகில் 'லக்' என்று எழுதியது. சீஸன் டிக்கெட் எடுத்தார். மனைவி திட்டினார்.

இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம் லக்கின் உடம்பு. விலாக் குருத்தெலும்பு கிழிந்தது. மூளை அதிர்ச்சி ஏற்பட்டது. பந்து எறிகிற வலது தோளில் மூட்டைச் சுற்றியிருக்கும் குருத்தெலும்பு கிழிந்தது. 2015 நவம்பரில் டென்வர் அணிக்கு எதிராக ஆடும்போது வாங்கிய ஒரே இடியில் வயிற்றுத் தசை கிழிந்து, சிறுநீரகமும் கிழிந்தது. சிறுநீரில் ரத்தம். அந்த இடியை வாங்கிய பிறகும் அவர் வெளியே போகவில்லை. மிச்ச ஆட்டத்தையும் ஆடி ஜெயித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஸ்டேடியம் கொண்டாடியது. நண்பரும் கொண்டாடினார்.

தோளில் ஆபரேஷன் செய்து 2017 முழுக்க ஒரு ஆட்டம்கூட ஆடாமல் உட்கார்ந்திருந்தார். சிகிச்சைக்கு நெதர்லாந்து வரை போனார். 2018-ல் திரும்பி வந்தார். 39 டச்டவுன் பாஸ்கள். முதல் ஆறு ஆட்டங்களில் ஐந்து தோற்ற அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். மீண்டு வந்த சிறந்த வீரர் என்று விருது கொடுத்தார்கள். சினிமாவாக இருந்தால் இங்கே 'வணக்கம்' போட்டிருப்பார்கள்.

2019-ல் கெண்டைக்கால் வலி என்றார்கள். பிறகு அது கணுக்கால் பக்கம் என்றார்கள். சரியாகிவிடும் என்றார்கள்.

ஆகஸ்ட் 24, சனிக்கிழமை ராத்திரி. சீஸன் ஆரம்பிக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது. சிகாகோ அணியுடன் ஒரு முன்னோட்ட ஆட்டம். லக் ஆடவில்லை. சாதாரண உடையில் ஓரத்தில் நின்று சகாக்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கேலரியில் ஒவ்வொரு போனாக வெளிச்சம் போடுகிறது. ஒரு நிருபர் செய்தியை உடைத்துவிட்டார்: லக் ஓய்வு பெறுகிறார். அடுத்த நாள் சொல்லலாம் என்று வைத்திருந்த விஷயம். கண்ணெதிரே நிற்கிற மனிதன் போகப்போகிறான் என்று நாற்பது, ஐம்பதாயிரம் பேருக்கு போன் சொல்கிறது. அவன் சொல்லவில்லை. மூணு வாரத்தில் முப்பது வயது ஆகப்போகிற மனிதன்.

ஆட்டம் முடிந்து அவர் உள்ளே போகும் பாதையை நோக்கி நடக்கும்போது அந்த ஊளை எழும்பியது. எல்லோரும் இல்லை. ஆனால் காதில் விழும் அளவுக்கு இருந்தது.

அன்றைக்கு ராத்திரியே நிருபர்களைச் சந்தித்தார். அடிபடுவது, வலி, சிகிச்சை, மறுபடி அடிபடுவது என்று நாலு வருஷமாக ஒரே செக்கைச் சுற்றி வருகிறேன், ஆட்டத்தின் சந்தோஷமே போய்விட்டது, இதிலிருந்து வெளியேற ஒரே வழி ஆட்டத்தை விடுவதுதான் என்று சொன்னார். கண் கலங்கியது. கூட்டம் ஊளையிட்டதைக் கேட்டீர்களா என்று ஒருவர் கேட்டார். கேட்கவில்லை என்றால் பொய் என்றார் லக். வலித்தது என்றும் சொன்னார்.

இதைத்தான் நண்பரால் இன்றுவரை தாண்ட முடியவில்லை. "வலிச்சுதுன்னு சொன்னாருண்ணே. கிட்னி கிழிஞ்சப்ப சொல்லலை. நாங்க கத்தினதுக்குச் சொன்னாரு."

சரி, தப்பா?

உடனே 'தப்பு' என்று சொல்லிவிடலாம். சுலபம். ரசிகர்களைத் திட்டுவதைப்போல சுலபமான வேலை பத்திரிகையில் வேறு கிடையாது. ஆனால் அந்த முதல் அஞ்சு நிமிஷத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்கம் வரும்போது மனுஷன் என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது. சாவு வீட்டில் செத்தவரையே திட்டி அழுகிற பாட்டிகளைப் பார்த்ததில்லையா? 'என்னை விட்டுட்டுப் போயிட்டியே பாவி' என்பதில் இருக்கிற கோபம் நிஜம்தான். அதற்காகப் பாட்டியை யாரும் கண்டிப்பதில்லை.

நான் யோசிக்கிறது அதற்கு அப்புறம் வந்த நியாயங்களைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் நிதானமாகக் காபி குடித்துவிட்டுச் சொன்னது. கோடிக்கணக்கில் வாங்கினானே. மூணு சீஸன் ஒப்பந்தம் பாக்கி இருக்கே. வலியோடு எத்தனை பேர் ஆடறாங்க. இந்தத் தலைமுறைக்கே பொறுமை கிடையாது, சிகிச்சை கஷ்டமா இருக்குன்னு ஓடறான். கடைசியாகச் சொன்னதை ஒரு பிரபல ரேடியோ ஆசாமியே எழுதினார். அதற்கு எதிரணிகளில் ஆடி அடி வாங்கிய பழைய வீரர்களிடமிருந்து நல்ல வசவு கிடைத்தது.

எல்லாவற்றையும் பிழிந்தால் ஒரே ஒரு குற்றச்சாட்டுதான்: அவனிடம் இன்னும் மிச்சம் இருந்தது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. அதே ஊரில், அதே அணியில், ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். லக்குக்கு முன்னால் இருந்தவர் பேட்டன் மானிங். 1998 முதல் அந்த அணியின் தெய்வம். கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அவருக்குக் கழுத்தில் ஆபரேஷன்கள். 2011 முழுக்க ஆடவில்லை. 2012 மார்ச் 8-ம் தேதி அவருக்கு 2.8 கோடி டாலர் போனஸ் கொடுக்க வேண்டும். மார்ச் 7-ம் தேதி அணி அவரை விடுவித்துவிட்டது. முதலாளியும் மானிங்கும் ஒரே மேடையில் நின்று கண்கலங்கினார்கள். ஊரும் கலங்கியது. அப்புறம் 'என்ன பண்றது, பிசினஸ்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மாதம் லக்கை வரவேற்றது.

அடிபட்ட வீரனை அணி விட்டால் பிசினஸ். அடிபட்ட வீரன் அணியை விட்டால் துரோகம். இரண்டும் ஒரே கையெழுத்தைப் போட்ட ஒரே மாதிரி ஒப்பந்தம்தான்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் வேடிக்கை. கோல்ட்ஸ் அணியே அந்த ஊர் அணி இல்லை. பால்டிமோர் நகரத்து அணி. மாநில அரசு சட்டம் போட்டு அணியைக் கைப்பற்றிவிடுமோ என்று பயந்து, 1984 மார்ச் கடைசியில் ஒரு பனி ராத்திரியில் லாரிகளில் மூட்டை கட்டிக்கொண்டு முதலாளி இண்டியானாபொலிஸுக்குக் கிளம்பிவிட்டார். வாடகை பாக்கி வைத்தவன் விடிவதற்குள் வீட்டைக் காலி பண்ணுவானே, அப்படி. பால்டிமோர்க்காரர்கள் காலையில் எழுந்தபோது முப்பது வருஷமாக ஆராதித்த அணி ஊரில் இல்லை. அந்த லாரிகளை வரவேற்றுத்தான் இண்டியானாபொலிஸுக்கு ஒரு ஃபுட்பால் அணியே கிடைத்தது. நண்பரிடம் இதைச் சொன்னேன். "அது எங்களுக்குத் தெரியும்ணே. அதைப் பத்தி நாங்க பேசறதில்லை" என்றார்.

அமெரிக்கர்கள் மட்டும்தான் இப்படியா என்றால், இல்லை. சீனாவில் லியூ ஷியாங் என்று ஒரு தடை ஓட்டக்காரர். 2004-ல் ஏதென்ஸில் 110 மீட்டரில் தங்கம் வாங்கினார். ஓட்டப் பந்தயத்தில் அப்படி ஒரு தங்கத்தை எந்தச் சீன ஆணும் அதற்கு முன் வாங்கியதில்லை. 2008-ல் ஒலிம்பிக்ஸ் பெய்ஜிங்கிலேயே நடக்கிறது. ஆகஸ்ட் 18, நிரம்பி வழியும் ஸ்டேடியம். லியூ வருகிறார். வலது குதிகால் நரம்பில் காயம். யாரோ ஒருவர் தவறாக முன்னால் கிளம்ப, ஓட்டம் நிற்கிறது. லியூ காலில் ஒட்டியிருந்த நம்பரைப் பிய்த்துவிட்டு, திரும்பி உள்ளே நடந்து போய்விட்டார். பயிற்சியாளர் பத்திரிகையாளர்கள் முன்னால் விம்மி அழுதார். பலர் பரிதாபப்பட்டார்கள். பலர் 'ஓடுகாலி' என்ற அர்த்தத்தில் பட்டப்பெயர் வைத்தார்கள்.

நாலு வருஷம் கழித்து லண்டன். அதே லியூ. அதே வலது கால். முதல் தடையிலேயே இடித்து விழுந்தார். நரம்பு அறுந்துவிட்டது. எழுந்து ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி, ஓடுபாதையின் ஓரமாகவே முழு தூரமும் போனார். கடைசித் தடைக்கு முத்தம் கொடுத்தார். கூட ஓடியவர்கள் வந்து தாங்கிப் பிடித்தார்கள். உலகம் எழுந்து நின்று கைதட்டியது.

இரண்டு தடவையும் அவர் ஜெயிக்கவில்லை. இரண்டு தடவையும் வலி நிஜம். முதல் தடவை, முழுசாகக் கிழிவதற்கு முன்னால் அவரே முடிவெடுத்தார். இரண்டாவது தடவை, கால் முடிவெடுத்துவிட்டது. நாம் எதற்குக் கைதட்டினோம் என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நானும் லண்டன் காட்சியை டி.வி.யில் பார்த்து உருகியவன்தான்.

வலி என்று ஒருவர் சொன்னால் நமக்குப் போதவில்லை. காட்ட வேண்டும். நொண்ட வேண்டும். ஸ்ட்ரெச்சர் வர வேண்டும். உள்ளூர்க் கம்பெனிகளில் லீவு லெட்டரோடு டாக்டர் சர்ட்டிஃபிகேட் கேட்பார்கள், அதன் ஸ்டேடியம் பதிப்பு இது. லக் அன்றைக்குத் தன் காலில் நிமிர்ந்து நடந்து போனார். அதுதான் அவர் செய்த தப்பு.

ஹாலந்து வீரர் மார்கோ வான் பாஸ்டனுக்கு ஏசி மிலான் ரசிகர்கள் கொடுத்த வழியனுப்பல் வேறு மாதிரி. கணுக்காலில் மாற்றி மாற்றி ஆபரேஷன். 28 வயதில், 1993 மே மாதம் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கடைசியாக ஆடினார். அப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் போராடினார். ராத்திரியில் கழிப்பறைக்குத் தவழ்ந்து போன காலத்தைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1995 ஆகஸ்ட்டில் ஓய்வை அறிவித்துவிட்டு, சான் சிரோ ஸ்டேடியத்தை ஒரு சுற்று வந்தார். எல்லோரும் எழுந்து கைதட்ட, இறுகிய முகத்துக்குப் பெயர்போன பயிற்சியாளர் கபெல்லோ அழுதார். யாரும் ஊளையிடவில்லை. ஊளையிட என்ன இருக்கிறது? மிச்சமே இல்லையே.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவருடைய அப்பாவைப் பற்றிச் சொன்னார். மதுரையில் ஒரு பஞ்சு மில்லில் முப்பத்திச் சொச்சம் வருஷம். நுரையீரல் முழுக்கப் பஞ்சு. விருப்ப ஓய்வு கொடுத்தபோது வாங்க மாட்டேன் என்றார். ரிட்டயர் ஆன பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை. "எங்க அப்பா ஒரு நாள்கூட லீவு போட்டதில்லைன்னு வீட்ல பெருமையாச் சொல்லுவோம்ணே. அந்தாளு கிளம்பறதைப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துருச்சு. அவர் போகலையே, நீ மட்டும் எப்படிப் போலாம்னு."

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பாருங்கள், தமிழில் ஒரு மனிதனுக்கு நாம் கொடுக்கிற உச்சபட்ச பாராட்டு என்ன? 'மாடா உழைச்சு ஓடாத் தேய்ஞ்சார்.' அம்மாவைப் பற்றிப் பேசினால் மெழுகுவர்த்தி. சந்தனம் என்றாலும் தேய்ந்தாக வேண்டும். கற்பூரம் என்றாலும் எரிந்து தீர்ந்தாக வேண்டும். பத்து பைசா மிச்சம் வைத்துக்கொண்டு எழுந்து போன ஒருவரைப் பாராட்ட நம்மிடம் ஒரு உவமைகூட இல்லை. 'தப்பிச்சுட்டான்' என்கிறோம். எதிலிருந்து, யாரிடமிருந்து?

பணம் வாங்கினானே என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும், டீக்கடைகளில் அதுதான் முதலில் வரும். வாங்கினார். ஏராளமாக. ஓய்வு பெறும்போது சுமார் 2.5 கோடி டாலரைத் திருப்பிக் கேட்க அணிக்கு உரிமை இருந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதே சமயம், இன்னும் மூன்று சீஸனின் சம்பளத்தை அவரும் விட்டுவிட்டுத்தான் போனார். ஆடிய ஆட்டத்துக்குக் கூலி வாங்கியாகிவிட்டது. ஆடாத ஆட்டத்துக்கு வாங்கவில்லை. கணக்கு அங்கே தீர்ந்தது. 'இவ்வளவு கொடுத்தோமே, அப்ப நிறுத்தக் கூடாது' என்று சொன்னால், எவ்வளவு கொடுத்தால் ஒரு மனிதன் நிறுத்தவே கூடாது என்று யாராவது ரேட் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிறவருக்கு நாற்பது வயதில் முதுகு போகிறது. அவர் பிரஸ் மீட் வைத்து, வலியில் சந்தோஷம் போய்விட்டது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. மில்லுக்குப் போன அப்பாவுக்கும் முடியவில்லை, மூணு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். லக்கால் போக முடிந்ததற்கு அவர் சம்பாதித்த காசும் ஒரு காரணம். நண்பரின் கோபத்தில் அந்த நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் இண்டியானாபொலிஸ் ஸ்டேடியம் இல்லை. அப்பாவால் போக முடியவில்லை என்பதற்காக எல்லோரும் நுரையீரலில் பஞ்சை வைத்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

ஸாண்டி கோஃபாக்ஸ் என்ற பேஸ்பால் பந்து வீச்சாளர் 1966-ல் 27 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்த கையோடு, நவம்பரில் ஓய்வை அறிவித்தார். வயது 30. இடது முழங்கையில் மூட்டு வாதம். கை வளைந்து, கோட்டின் இடது கையைச் சிறிதாக்கித் தைக்க வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டவர்களிடம், பேஸ்பாலுக்கு அப்புறம் வாழ நிறைய வருஷம் இருக்கிறது, அதை முழு உடம்போடு வாழ ஆசைப்படுகிறேன் என்கிற மாதிரி சொன்னார். தொண்ணூறைத் தொடும் வயது வரை இருந்து பார்த்துவிட்டார். அந்த வருஷங்கள் எல்லாம் அவர் அன்றைக்கு மிச்சம் பிடித்தவை. டாட்ஜர்ஸ் ரசிகர்களுக்கு நாலைந்து சீஸன் நஷ்டம். அந்தக் கையால் அவர் என்னவெல்லாம் செய்தார் என்பது ரசிகர்களின் கணக்கில் வராது.

ஒரே ஒரு விஷயத்தில் இண்டியானாபொலிஸ் ரசிகர்களின் பக்கம் நிற்கிறேன். நேரம். சீஸனுக்கு இரண்டு வாரம் முன்னால், டிக்கெட் எல்லாம் விற்ற பிறகு, மாற்று ஆளைத் தேட அவகாசமில்லாமல் சொன்னது அணிக்கும் ரசிகர்களுக்கும் பெரிய இடி. பல வருஷம் அந்த அணி வருஷத்துக்கொரு குவாட்டர்பேக்கை வைத்துத் தடுமாறியது. இதைக் கேட்க ரசிகனுக்கு உரிமை இருக்கிறது: 'முன்னாடியே சொல்லியிருக்கலாமே?' கேட்கலாம். அவரும் பதில் சொல்லலாம், இல்லை சொல்லாமல் வருத்தப்படலாம். ஆனால் வலியோடு இருக்கிறவன் 'சரியாகிவிடும், சரியாகிவிடும்' என்று தனக்கே சொல்லிக்கொண்டு கடைசி நாள் வரைக்கும் தள்ளிப்போடுவதும் உண்டு. சீக்கிரமே முடிவு எடுத்திருந்தால், 'இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாமே' என்று வேறு ஒரு ஊளை எழும்பியிருக்கும்.

லக் அப்புறம் ஸ்டான்ஃபோர்டுக்கே படிக்கப் போனார். 2024 நவம்பரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணியை நிர்வகிக்கும் பொறுப்புக்கு வந்தார். ஆட்டத்தை வெறுத்து ஓடியவர் இல்லை என்பது அதிலிருந்து தெரிகிறது.

"அப்ப தப்புத்தானா?" என்று நண்பர் மறுபடி கேட்டார்.

"கத்தினதைவிட, அப்பா லீவே போடலைன்னு பெருமைப்படறதைக் கொஞ்சம் யோசிங்க தம்பி" என்றேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அம்மா எப்படி இருக்காங்க, மழை உண்டா என்று பேச்சை மாற்றிவிட்டார்.

கடைசியில் அந்தப் பனியனைப் பற்றி விசாரித்தேன். அன்றைக்கு ராத்திரி ஸ்டேடியத்துக்கு வெளியே சிலர் லக் பனியனைக் கழற்றி எறிந்ததாகச் சொல்லியிருந்தார். இவர் பையன் அழுதுகொண்டே போட்டபடி தூங்கிவிட்டானாம். பிறகு வளர்ந்துவிட்டான், பத்தவில்லை. நண்பரின் மனைவி ஊருக்கு வரும்போது பழைய துணிகளோடு அதையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, செல்லூரில் இருக்கும் நாத்தனார் பையனுக்குக் கொடுத்துவிட்டார்.

போன மாதம் மதுரை போயிருந்தபோது பார்த்தேன். சந்தில் ரப்பர் பந்து கிரிக்கெட். நீலப் பனியன், 12-ம் நம்பர், முதுகில் 'லக்'. பையன் நன்றாகவே பந்து போடுகிறான். கூட ஆடுகிற பையன்கள் அவனை 'அதிர்ஷ்டம்' என்று கூப்பிடுகிறார்கள். அது ஒரு மனிதனின் பெயர் என்று அங்கே யாருக்கும் தெரியாது.